தங்கம் தங்கிய ஊர்: பார்பர்ட்டன் ஏன் சாகவில்லை?

பார்பர்ட்டனுக்கு வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் போக முடியாது. பூட்டிக் கிடப்பதால் அல்ல. உள்ளே என்று ஒன்றே இல்லை. 1887ல் திறந்த டி காப் பங்குச் சந்தையில் இன்று மிச்சம் இருப்பது பில்கிரிம் தெருவைப் பார்த்து நிற்கும் முகப்பு மட்டும்தான். கதவு இருக்கிறது, அதன் வழியே பார்த்தால் அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது.

என்னோடு வந்த மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். என் அம்மாவின் தம்பி. ஜொஹானஸ்பர்க் பக்கத்தில் ஒரு தங்க மதிப்பீட்டு ஆய்வகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். "அப்பவே இப்படித்தான்டா இருந்திருக்கும். முன்னால சுவர், பின்னால காத்து" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். எனக்கு அன்று எழுந்த கேள்வி வேறு. தங்கம் கிடைத்ததும் ஊர் முளைப்பதும், தங்கம் தீர்ந்ததும் ஊர் சாவதும் உலகம் முழுக்க ஒரே கதை. பார்பர்ட்டனுக்கு அந்தக் கதையின் முதல் பாதி அப்படியே பொருந்துகிறது. 1884ல் பிறந்தது, 1886ல் உச்சிக்குப் போனது, 1888க்குள் காலியாகிவிட்டது. ஆனால் இரண்டாம் பாதி நடக்கவில்லை. நூற்று நாற்பது ஆண்டு ஆகியும் ஊர் இருக்கிறது. அதைவிட வியப்பு, சுற்றியுள்ள மலைகளிலிருந்து இன்னமும் தங்கம் வருகிறது. ஏன்? இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

மூடி என்ற பெயர்க்காரர்

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் முமலாங்கா மாகாணம், டி காப் பள்ளத்தாக்கு. பழைய பெயர் நெல்ஸ்ப்ரெயிட், இன்று ம்பொம்பேலா என்று அழைக்கப்படும் நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். தெற்கிலும் கிழக்கிலும் மகோன்ஜ்வா மலைகள், அவற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்வாட்டினி நாடு. கோடையில் நல்ல வெக்கை. அந்தக் காலத்தில் மலேரியாவும் மாடுகளைக் கொல்லும் ட்செட்ஸி ஈயும் சேர்ந்து, இந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டி கட்டி வருவதையே பந்தயமாக்கியிருந்தன.

1883ல் ஃப்ரெஞ்ச் பாப் என்று அழைக்கப்பட்ட அகஸ்ட் ராபர்ட் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கப் பாறையைக் கண்டார். கூட்டம் கூடத் தொடங்கியது. நல்ல நிலம் பலதும் ஜார்ஜ் மூடி என்பவர் கையில் இருந்தது. நில அளவைத் துறையின் தலைமைப் பதவியில் இருந்தவர் அவர். அவருடைய பண்ணை நிலத்தில் தோண்ட வேண்டுமென்றால் கட்டணம், பங்கு என்று ஏகப்பட்டது கொடுக்க வேண்டும். மூடி என்ற பெயருக்கேற்ப அவர் எல்லாவற்றையும் மூடி வைத்தார் என்று தமிழ் தெரிந்த நமக்குத்தான் சிரிக்கத் தோன்றும். தோண்டுகிறவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வேலிக்கு வெளியே, அரசாங்க நிலத்தில் தேட ஆரம்பித்தார்கள்.

அப்படித் தேடியவர்களில் கிரஹாம் பார்பரும் அவருடைய உறவுக்காரர்களான ஃப்ரெட், ஹாரி இருவரும் இருந்தார்கள். ரைமர்ஸ் ஓடைப் பக்கம் தங்கம் கிடைத்ததும் 1884 ஜூன் 21ல் கிரஹாம் அரசுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 24ல் சுரங்க ஆணையர் டேவிட் வில்சன் நேரில் வந்து பார்த்து, ஒரு ஜின் பாட்டிலைப் பாறையில் உடைத்து ஊருக்குப் பெயர் சூட்டினார். ஷாம்பெய்ன் கிடைக்காத இடத்தில் ஜின்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஊர் எங்கே அமைந்தது என்பதைத் தங்கம் மட்டும் தீர்மானிக்கவில்லை. யார் நிலத்தில் யார் தோண்டலாம் என்ற சட்டமும் சேர்ந்துதான் தீர்மானித்தது. இந்த வட்டாரத்தின் கதையில் சட்டம் திரும்பத் திரும்ப வரும். நம்மவர்கள் விஷயத்திலும் வரும்.

ஒரு பவுன் பங்கும் நூறு பவுன் கனவும்

1885 மே மாதத்தில் எட்வின் பிரே மலைச்சரிவில் ஒரு வெடிப்பில் கண்டது பெரும் கொடை. ஷீபா பாறைத்தொடர். அவர் தோண்டிய இடத்துக்கு 'பிரேயின் பொற்குவாரி' என்றே பெயர் வந்தது. அங்கிருந்து முதலில் அரைத்த 13,000 டன் பாறையில் 50,000 அவுன்ஸ் தங்கம் கிடைத்ததாகக் கணக்கு. மாமாவிடம் சொன்னேன். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். டன்னுக்கு ஏறத்தாழ நான்கு அவுன்ஸ், அதாவது 120 கிராம் அளவு. இன்று டன்னுக்குப் பத்து கிராம் வந்தாலே மிக உயர்ந்த தரம் என்பார்கள்.

ஷீபா நிறுவனத்தின் ஒரு பவுன் பங்கு நூறு பவுனைத் தாண்டி விற்றது. பவுன் என்றால் இங்கே நகைக்கடைப் பவுன் அல்ல, பிரிட்டிஷ் பணம். அப்புறம் கேட்க வேண்டுமா? லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் டி காப் என்ற பெயர் ஒட்டிய காகிதம் எதுவானாலும் வாங்கினார்கள். தங்கம் இருக்கிறதா என்று யாரும் தோண்டிப் பார்க்காத மலைச்சரிவுகளுக்கெல்லாம் கம்பெனி முளைத்தது. ஊரில் ஹோட்டல்கள், மதுக்கடைகள், இசை அரங்கம். குளோப் டாவர்ன், ஃபீனிக்ஸ் ஹோட்டல், லூயிஸ் அண்ட் மார்க்ஸ் கட்டடம் எல்லாம் 1886, 1887 என்ற இரண்டே ஆண்டுகளின் பிள்ளைகள். காக்னி லிஸ் என்ற மதுக்கடைப் பெண்ணைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத கதைகள், ஆகையால் விட்டுவிடுகிறேன்.

ஷீபா சுரங்கத்துக்கு மேலே மலை முகட்டில் யுரேகா சிட்டி என்று இன்னொரு ஊர் எழுந்தது. ஹோட்டல்கள், கடைகள், இசைக்கூடம், குதிரைப் பந்தயத் திடல் வரைக்கும் இருந்தன. இன்று அது இயற்கைக் காப்பகத்துக்குள் கிடக்கும் இடிபாடு. அடுக்கிய கல்லும் புல்லும்தான்.

முகப்பு மட்டும் மிஞ்சிய அந்தப் பங்குச் சந்தை திறந்த 1887லேயே சரிவும் ஆரம்பித்துவிட்டது. லண்டனில் பங்குகள் விழுந்தன. முந்தைய ஆண்டு, 1886ல், விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டில் லாங்லாக்டே பண்ணையில் ஜார்ஜ் ஹாரிசன் தங்கப்பாறையைக் கண்டிருந்தார். கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனது. இன்று நாங்கள் வாழும் ஜொஹானஸ்பர்க் அப்படிப் பிறந்தது. பார்பர்ட்டன் காலியானதற்கு ஜொஹானஸ்பர்க் ஒரு காரணம் என்று சொல்வார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. மறுபாதி, மாமாவின் துறையில் இருக்கிறது.

உலக்கைக்கு மசியாத தங்கம்

ஆய்வின் நடு முடிச்சு இதுதான், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மலையின் மேல்தோலில் இருக்கும் பாறை மழையிலும் காற்றிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்து துருப்பிடித்திருக்கும். பாறைக்குள் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் இருக்கும், அது உளுத்துக் கரைந்துவிடும். அதற்குள் சிறைப்பட்டிருந்த தங்கம் விடுபட்டுத் தனியே நிற்கும். இந்த மாதிரிப் பாறையை இடித்து, நீரில் கலந்து, பாதரசம் தடவிய செப்புத் தகட்டின் மேல் ஓட விட்டால் தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாம்ப் மில் என்று அவர்கள் சொன்னதை நம்மூர் ஆள் பார்த்தால் வரிசையாக நிறுத்திய இரும்பு உலக்கைகள் என்பார். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

மேல்தோல் முடிந்ததும் கதை மாறும். கீழே பைரைட்டும், அதோடு ஆர்செனிக் கலந்த ஆர்செனோபைரைட்டும் உளுக்காமல் இறுகிக் கிடக்கும். தங்கம் அவற்றின் படிகத்துக்குள் கண்ணுக்கே தெரியாத அளவில் கலந்திருக்கும். உலக்கை இடித்தாலும் வெளியே வராது. 1887ல் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை விட்வாட்டர்ஸ்ராண்டைக் காப்பாற்றியது. அங்கும் ஆழத்தில் பைரைட் இருந்தது, ஆனால் தங்கம் பெரும்பாலும் அதற்கு வெளியே மணிமணியாக இருந்ததால் சயனைடுக் கரைசல் தொட முடிந்தது. பார்பர்ட்டன் பாறையில் பெரும்பகுதிக்கு சயனைடும் போதவில்லை. கரைசல் தங்கத்தைத் தொட்டால்தானே கரைக்கும்?

மாமா இதை ஒரு மொச்சைக்கொட்டையை வைத்து விளக்கினார். "தோலோட வேக வச்சா உப்பு உள்ள இறங்காது. தோலை உரிக்கணும்." தோலை உரிக்க அந்தக் காலத்தில் தெரிந்த ஒரே வழி வறுப்பது. பாறைப்பொடியை உலையில் வறுத்தால் கந்தகமும் ஆர்செனிக்கும் புகையாகிப் போகும். அந்தப் புகை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஃபேர்வியூ சுரங்கத்தில் பல ஆண்டுகள் அப்படித்தான் வறுத்தார்கள்.

1986ல் அதே ஃபேர்வியூவில் வேறொன்று நடந்தது. பையாக்ஸ் என்ற பெயரில், பாக்டீரியாவை வைத்துத் தங்கப் பாறையைச் செரிக்க வைக்கும் வணிக ஆலை உலகிலேயே முதன்முதலாக அங்கே ஓடத் தொடங்கியது. சுரங்கத்து அமில நீரில் தானாக வாழும் நுண்ணுயிர்கள் இவை. இரும்பையும் கந்தகத்தையும் தின்று வாழ்பவை. பெரிய தொட்டிகளில் பாறைக்கூழை நிரப்பி, காற்றை ஊதி, சூட்டை 40 டிகிரி அளவில் வைத்துவிட்டால் சில நாட்களில் பைரைட்டைக் கரைத்துவிடும். தங்கம் வெளியே வரும். பிறகு சயனைடு தன் வேலையைச் செய்யும். ஆர்செனிக் புகையாகாமல், சுண்ணாம்பு சேர்த்ததும் இரும்போடு சேர்ந்து திடப்பொருளாகப் படியும்.

மாவு புளிக்க வைப்பது போலத்தான். சூடு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும், காற்று நின்றால் செத்துவிடும். உலகின் வேறு பல கண்டங்களில் இன்று ஓடும் பையாக்ஸ் ஆலைகளின் முன்னோடி இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது என்னவோ பங்குச் சந்தையின் ஒற்றைச் சுவரை. எனக்கு இது கொஞ்சம் வருத்தமே.

என் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைக்கிறது. யுரேகா சிட்டி சுலபமாகக் கிடைத்த தங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அது தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது. பார்பர்ட்டன் முரண்டு பிடித்த தங்கத்தின் பக்கத்தில் இருந்தது. 1888ல் மூட்டை கட்டியவர்களால் எடுக்க முடியாததால்தான் அது மலைக்குள்ளேயே தங்கியது. ஷீபா, ஃபேர்வியூ, நியூ கன்சார்ட் மூன்றும் அதை இத்தனை காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வருகின்றன. உலகில் மிக நீண்ட காலமாக ஓடும் தங்கச் சுரங்கங்களில் ஷீபாவும் ஒன்று. இந்த மலைத்தொடர் இதுவரை தந்த மொத்தத் தங்கம் 300 டன்னுக்குக் குறையாது. விட்வாட்டர்ஸ்ராண்ட் தந்ததோ 40,000 டன்னுக்கு மேல். ஆனால் ஊர் பிழைக்க 40,000 டன் தேவைப்படவில்லை.

கோலாரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

தமிழ் வாசகருக்குத் தங்கச் சுரங்க ஊர் என்றால் கோலார் தங்க வயல்தான் நினைவுக்கு வரும். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த இடம். 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய இடம். கோலாரும் பார்பர்ட்டனும் நிலவியலில் தூரத்து உறவு என்றே சொல்லலாம். இரண்டும் பூமியின் இளமைக்கால எரிமலைக் குழம்பு உறைந்து பச்சையான பாறைத்தொடர்கள்.

கோலார் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. ஆழம் கூடியது, தரம் குறைந்தது, செலவு கட்டவில்லை. இன்று அங்கே விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டம். சுரங்கம் செத்தும் ஊர் சாகவில்லை, ஏனென்றால் பக்கத்தில் பெங்களூர் இருந்தது.

இன்னொரு ஒப்பீடு உள்ளூரிலேயே இருக்கிறது. பார்பர்ட்டனுக்கு வடக்கே பில்கிரிம்ஸ் ரெஸ்ட். 1873ல் தங்கம் கண்டது, அதாவது பார்பர்ட்டனுக்கு அக்கா. அங்கே சுரங்கத் தொழில் 1970களின் தொடக்கத்தில் நின்றது. 1974ல் மாகாண அரசு ஊரையே விலைக்கு வாங்கி அருங்காட்சியகமாக்கிவிட்டது. தகரக் கூரை வீடுகள் அழகாகப் பூச்சு பூசி நிற்கின்றன. அழகுதான், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி.

பார்பர்ட்டனுக்கு பெங்களூரும் கிடைக்கவில்லை, கண்ணாடிப் பெட்டியும் கிடைக்கவில்லை. ஏதேதோ கிடைத்தது. 1890களில் காப்முய்டனிலிருந்து ரயில் கிளை வந்தது. பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் (இங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்) நடந்த போரில், 1900 செப்டம்பரில் ஜான் ஃப்ரெஞ்ச் என்ற பிரிட்டிஷ் படைத்தலைவர் ஊரைப் பிடித்தார், அடுத்த ஆண்டு மரமும் நெளிதகரமும் கொண்டு கட்டிய சிறு காவல் கோட்டை இன்னும் நிற்கிறது. போரில் பிடிபட்ட போயர் குடும்பங்களை அடைத்து வைத்த முகாமும் இங்கே இருந்தது. பிறகு பள்ளத்தாக்கில் தோட்டங்கள், மலையில் மரத்தொழில், ஊருக்கு வெளியே பெரிய சிறைச்சாலை. சுரங்கத்துக்குத் தேவையான பட்டறை, கடை, மருத்துவமனை எல்லாம் இவற்றுக்கும் பயன்பட்டன.

தங்கமல்லாத ஒரு தாதுவும் சோறு போட்டது. எஸ்வாட்டினி பக்கத்து ஹேவ்லாக் சுரங்கத்தில் எடுத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), மலைமேல் கம்பி வழியாக வாளி வாளியாக பார்பர்ட்டன் ரயில் நிலையத்துக்கு வந்தது. 1930களின் கடைசியில் கட்டிய இந்தக் கம்பிப் பாதையின் நீளம் 20 கிலோமீட்டருக்கு மேல். திரும்பிப் போகும் வாளிகளில் அந்தச் சுரங்கத்துக்கு நிலக்கரி போனது. 2001ல், கோலார் மூடிய அதே ஆண்டில், இதுவும் நின்றது. கல்நார் தூசி நுரையீரலைத் தின்னும் என்பது தெரிந்த பிறகு உலகம் அதை வாங்குவதை விட்டுவிட்டது. அந்தப் பக்கத்து ஊரான புலெம்பு ஆளில்லாமல் போய், பிறகு ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஊராக மீண்டது.

பார்க்க வேண்டியவை, என் கண்ணில்

முகப்புச் சுவரைத்தான் முதலில் பார்ப்பீர்கள், சரி. ஆனால் நேரம் குறைவு என்றால் இரண்டு வீடுகளுக்குப் போங்கள். ஸ்டாப்ஃபோர்த் வீடு ஒரு பலசரக்கு வியாபாரியும் ரொட்டிக்கடைக்காரருமானவர் 1886ல் கட்டியது, 1892ல் திருத்திக் கட்டியது. பெல்ஹேவன் வீடு 1904ல் வசதியான ஒரு குடும்பம் கட்டியது. இரண்டுக்கும் இடையில் உள்ள பதினெட்டு ஆண்டில் ஊர் கண்டது புரியும். தங்கம் தோண்டியவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள், ரொட்டி விற்றவருக்கு வீடு நின்றது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் வியப்பில்லை.

நகர மண்டபத்தின் முன்னால் ஒரு நாயின் சிலை. ஜாக் என்பது பெயர். பாரவண்டி ஓட்டிக் கொண்டிருந்த பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக்கோடு இந்தக் காடுகளில் சுற்றிய நாய் அது, அவர் எழுதியதால் பெயர் நிலைத்தது. தோட்டக்கலை பிடித்தவர்கள் பார்பர்ட்டன் டெய்சியைத் தேடுவார்கள். நம் கல்யாண மேடைகளில் குவித்து வைக்கும் ஜெர்பரா பூக்களுக்கெல்லாம் இந்த மலையின் சிவப்புப் பூ ஒரு மூதாதை. 1880களில் அதைத் திரட்டிய ராபர்ட் ஜேம்சனின் பெயரில்தான் ஜெர்பரா ஜேம்சோனி என்ற பெயர்.

பெரிய அடையாளம் எதுவென்றால் மலையேதான். 2018ல் யுனெஸ்கோ மகோன்ஜ்வா மலைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, தங்கத்துக்காக அல்ல, கல்லுக்காக. 360 கோடி முதல் 325 கோடி ஆண்டு வரை வயதான பாறைகள் இவ்வளவு கெடாமல் வேறெங்கும் கிடைப்பது அரிது. பார்பர்ட்டனிலிருந்து புலெம்பு எல்லை நோக்கிப் போகும் மலைச்சாலை ஓரத்தில் அங்கங்கே நிறுத்தி விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பழங்காலக் கடலின் ஏற்றவற்றம் மணற்கல்லில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது. மெரினாவில் அலை போன பிறகு மணலில் நிற்கும் வரி போலவே இருக்கும், வயது மட்டும் முந்நூறு கோடி ஆண்டுக்கு மேல். இன்னோரிடத்தில் விண்கல் மோதியபோது உருகித் தெறித்த துளிகள் குண்டுமணியாக உறைந்த அடுக்கு. கொமாட்டியைட் என்ற எரிமலைப் பாறை வகையை வில்யூன் சகோதரர்கள் 1969ல் அடையாளம் கண்டதும் இந்த மலைத்தொடரில்தான், கொமாட்டி ஆற்றின் பெயரை வைத்தார்கள்.

அடையாளமாகக் கருதப்படாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஊருக்குக் கொஞ்சம் தள்ளி லிலி சுரங்கம். 2016 பிப்ரவரி 5 காலையில் அங்கே சுரங்கத்துக்குக் கூரையாக விட்டுவைத்திருந்த மேல்தூண் பாறை இடிந்து விழுந்தது. தொழிலாளர்கள் தலைவிளக்கு வாங்கும் அறையாக இருந்த இரும்புக் கொள்கலன், உள்ளிருந்த மூவரோடு குழிக்குள் புதைந்தது. கீழே இருந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் வெளியே வந்துவிட்டார்கள், மேலே தரைமட்டத்தில் இருந்த மூவர் வரவில்லை. குடும்பங்கள் சுரங்க வாசலில் கூடாரம் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. சுரங்கம் நின்றதும் நூற்றுக்கணக்கானோர் வேலை போனது. மூடிய குழிகளுக்குள் உரிமம் இல்லாமல் இறங்கும் ஸாமா ஸாமாக்கள் இந்த மலையெங்கும் இருக்கிறார்கள். முரட்டுத் தங்கம் ஊரைக் காப்பாற்றியது என்று மேலே எழுதியபோது இவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதினேன். தங்கம் இன்னும் இருப்பதால்தான் ஆட்கள் இன்னும் இறங்குகிறார்கள்.

நாம் எங்கே இருந்தோம்?

என் ஆயா கடைசி வரை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "தங்க ஊருன்னு சொல்லித்தானே எங்க அப்பா நேட்டாலிலிருந்து வந்தாரு, ஒரு குண்டுமணித் தங்கமாவது தோண்டினாரா?" இல்லை. காய்கறிக் கூடை தூக்கினார்.

அவர் சோம்பேறி அல்ல. எட்வின் பிரே ஷீபாவைக் கண்ட அதே 1885ல், பார்பர்ட்டனையும் ஆண்ட போயர் நாடான டிரான்ஸ்வால் குடியரசு மூன்றாம் எண் சட்டத்தை இயற்றியது. ஆசியர்களுக்குக் குடியுரிமை இல்லை, ஒதுக்கிய தெருக்களுக்கு வெளியே நிலம் இல்லை, வியாபாரத்துக்காகக் குடியேறினால் பதிவுக் கட்டணம் முதலில் 25 பவுன், பிறகு 3 பவுன். 1898ன் தங்கச் சட்டமும், அதன்பின் 1908ன் 35ஆம் எண் சட்டமும் இன்னும் இறுக்கின. வெள்ளையர் அல்லாதவர் தங்கம் தோண்டும் உரிமம் பெற முடியாது. தங்க நிலம் என்று அறிவித்த பகுதியில் ஒதுக்கிய சேரிக்கோ கூலி முகாமுக்கோ வெளியே குடியிருக்கவும் முடியாது. பார்பர்ட்டனிலும் இந்திய வணிகர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் குஜராத்திகள், இந்தச் சட்டங்களின் நிழலில்தான் கடை வைத்திருந்தார்கள்.

1926ல் வந்த சுரங்கத் திருத்தச் சட்டம் திறன்சான்று யார் பெறலாம் என்று பட்டியல் போட்டது. வெள்ளையர், கேப் கலப்பினத்தார், கேப் மலாய்க்காரர், செயின்ட் ஹெலீனா தீவினர், மொரீஷியஸ் கிரியோல்கள். மொரீஷியஸிலிருந்து வந்த தமிழருக்கு அதில் இடமில்லை. கோலாரில் தமிழன் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே தமிழன் சுரங்கத்தில் ஒரு வெடியைக் கொளுத்தும் சான்றிதழ்கூட வாங்க முடியாது. மாமா ஆய்வகத்தில் புடம் போட உட்கார்ந்தது அந்தத் தடைகள் விழுந்த பிறகு. ஈயத்தோடு உருக்கி, எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால், ஈயம் உறிஞ்சிப் போய் தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு மணி கிண்ணத்தின் அடியில் நிற்கும். "நம்ம வீட்டில தங்கத்தை வேலையாத் தொட்ட மொத ஆள் நான்தான்டா, அதுவும் கடுகளவு" என்பார்.

ஆகவே என் கேள்விக்கு இரண்டாவது பதிலும் சேர்கிறது. ஊர் தங்கியதில் வேதியியல் பாதி. யாரைத் தங்க விட்டார்கள் என்பது மறு பாதி. பார்பர்ட்டனைச் சுமந்தவர்கள் பள்ளத்தாக்கின் ஸ்வாசி மக்களும் மொசாம்பிக்கிலிருந்து வந்த தொழிலாளர்களும். எம்ஜிண்டினி குடியிருப்பு அவர்கள் வழியில் வந்தது. முகப்புச் சுவர்களில் அவர்கள் பெயர் இல்லை.

திரும்பும் வழியில் காப்முய்டனில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பார்பர்ட்டன் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு அது. பிரதானப் பாதை கிழக்கே கொமாட்டிபோர்ட் தாண்டி டெலகோவா விரிகுடாவுக்கு, இன்றைய மபூட்டோவுக்குப் போகிறது. 1909, 1910 ஆண்டுகளில் ஆசியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்கு மறுத்து, காந்தியோடு நின்று சிறை சென்ற சத்தியாக்கிரகிகள் பலரை டிரான்ஸ்வால் அரசு போர்த்துகீசிய எல்லைக்கு இந்தப் பாதையில்தான் அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றியது. பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் இந்தியாவையே பார்க்காதவர்களும் உண்டு. மதராஸில் அவர்களைப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் வரவேற்று உதவினார். நாராயணசாமி என்ற இளைஞர் திரும்பிக் கப்பலேறி வந்தார். எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. 1910 அக்டோபர் 16ல் டெலகோவா விரிகுடாவில், இந்தத் தண்டவாளம் முடியும் இடத்தில், இறந்தார்.

மாமா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். மரத்தூளும் நிலக்கரியும் ஏற்றிய ஒரு சரக்கு ரயில் கிழக்கே போனது. அது கடந்ததும் வண்டியில் ஏறினோம்.